வாயிற்காவலன் ஸமோரா

1

ஸ்பானிய மொழியில் கோல்கீப்பருக்கு 'போர்த்தேரோ' என்று பெயர். அடுக்குமாடி வீட்டு வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் கதவு திறந்துவிடுகிற ஆளுக்கும் அதே பெயர்தான். இந்த இரட்டை அர்த்தத்தை வைத்து ஸ்பெயினில் ஒரு பேச்சு புழங்கியது: மொத்தமே ரெண்டு போர்த்தேரோதான், மேலே சொர்க்கத்து வாசலில் புனித பேதுரு, கீழே பூமியில் ஸமோரா.

ரிக்கார்டோ ஸமோராவைப் பற்றி எதைப் படிக்கப் போனாலும் இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்ததாக ஸ்டாலின் கதை வரும். 1931இல் ஸ்பெயின் குடியரசாகி, நிசேத்தோ அல்கலா ஸமோரா அதன் தலைவரானபோது, யாரோ ஸ்டாலினிடம் போய் "ஸமோரா ஜனாதிபதி ஆயிட்டார்" என்றார்களாம். "யாரு, அந்த கோல்கீப்பரா?" என்று ஸ்டாலின் கேட்டாராம். நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத கதை. அதனால்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

பிறகு சிகரெட். நாளைக்கு மூன்று பாக்கெட். கூடவே கோன்யாக். கழுத்து மூடிய ஸ்வெட்டர், தலையில் தட்டைத் தொப்பி. எடுவர்டோ கலியானோ கால்பந்து பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் ஸமோராவுக்கு ஒரு குட்டி அத்தியாயம் உண்டு. உடையும் தொப்பியும் புகையும் சேர்ந்து ஒரு அழகான பென்சில் ஓவியம் மாதிரி இருக்கும். கலியானோவைப் படித்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஸமோரா என்றால் அந்த ஓவியம்தான்.

எனக்கு இந்த வகை எழுத்தோடு ஒரு பிணக்கு உண்டு. கால்பந்து இலக்கியம் என்று நாம் கொண்டாடுகிற பலதும் துணுக்குகளால் ஆனது. துணுக்கு ஒரு ஆளைச் சட்டென்று கண்முன் நிறுத்தும். அதே வேகத்தில் அவரைச் சுற்றி இருந்தவர்களை இருட்டில் தள்ளிவிடும். ஸமோராவின் வாழ்க்கையில் அப்படி இருட்டில் தள்ளப்பட்ட ஒரு ஆள் இருக்கிறார். அவர் ஒரு கவிஞர். அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவராமல் ஸமோராவின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

2

முதலில் கிடைக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸமோரா 1901 ஜனவரி 21 அன்று பார்சிலோனாவில் பிறந்தார். அப்பா டாக்டர். பையனும் டாக்டராக வேண்டும் என்று வீட்டில் ஆசை. பையன் பதினைந்து, பதினாறு வயதிலேயே எஸ்பான்யோல் அணியின் கோல் போஸ்டுக்கு நடுவில் போய் நின்றுவிட்டார். 1919இல் அதே ஊரில் இருந்த எதிரணியான பார்சிலோனாவுக்குப் போனார். 1922இல் திரும்பவும் எஸ்பான்யோல். ஒரே ஊருக்குள் இப்படி இரண்டு தடவை கட்சி மாறியும் ஊர் அவரைத் தள்ளிவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் இது முக்கியம்.

ஸ்பெயின் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது 1920 ஆகஸ்ட் 28 அன்று. ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸின் ஒரு பகுதியாக பிரஸ்ஸல்ஸில், டென்மார்க்குக்கு எதிராக. ஸ்பெயின் 1-0 என்று ஜெயித்தது. கோலில் நின்றது பத்தொன்பது வயது ஸமோரா. அதே போட்டித் தொடரில் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் எதிராளியைக் குத்தியதற்காக வெளியேற்றப்பட்டார். வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பும்போது எல்லையில் ஹவானா சுருட்டு கடத்தியதாகப் பிடிபட்டு அபராதமும் கட்டினார். இருபது வயது ஆவதற்குள் பதக்கம், வெளியேற்றம், கைது மூன்றையும் பார்த்துவிட்ட ஆள்.

1930இல் அவரை மாட்ரிட் அணி வாங்கியது. இன்றைய ரியல் மாட்ரிட்தான். மறுவருடம் குடியரசு வந்தபோது 'ரியல்' என்ற அரச பட்டம் கழன்று வெறும் மாட்ரிட் எஃப்.சி. ஆனது. அந்தக் கைமாற்றத்துக்கு ஆன செலவு சுமார் 1,50,000 பெசெட்டா. ஒரு கோல்கீப்பருக்கு இவ்வளவா என்று ஊரே வாயைப் பிளந்தது. 1931-32 சீசனில் மாட்ரிட் 18 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மொத்தம் 15 கோல்தான் வாங்கியது. அடுத்த வருடமும் லீக் அவர்களுக்கே. தேசிய அணிக்காக 46 ஆட்டங்கள், வாங்கிய கோல்கள் 42.

1929 மே 15, மாட்ரிட். ஸ்பெயின் 4, இங்கிலாந்து 3. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருக்கிற ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் தடவை. அந்த ஆட்டத்தில் ஸமோரா நெஞ்செலும்பு உடைந்த நிலையிலேயே ஆடி முடித்தார் என்பது அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். ஆனால் இரண்டரை வருடம் கழித்து, 1931 டிசம்பர் 9 அன்று லண்டன் ஹைபரியில் நடந்த மறு ஆட்டத்தில் இங்கிலாந்து 7-1 என்று வென்றது. ஏழையும் வாங்கியது அதே ஸமோரா. இதைப் பல குறிப்புகள் ஒரு கமாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கின்றன.

ஏன் ஒளிக்க வேண்டும்? உடைந்த எலும்போடு நின்று ஜெயிப்பது கதை. முழு உடம்போடு நின்று ஏழு வாங்குவது வாழ்க்கை. துணுக்கு எழுதுகிறவருக்கு முதலாவது போதும். எனக்கு இரண்டும் வேண்டும். ஏழு வாங்கியதால் ஸமோராவின் உயரம் குறையவில்லை என்பதுதான் விஷயமே. ஏழு வாங்கிய பிறகும் அவர்தான் ஐரோப்பாவின் மிகப் பிரபலமான கோல்கீப்பர். 1934 உலகக் கோப்பையில் பிரேசிலின் பெனால்டியைத் தடுத்தார். அடுத்து ஃப்ளோரன்ஸில் முசோலினியின் இத்தாலிக்கு எதிராக 1-1. இத்தாலி அடித்த கோலின்போது ஒரு வீரர் அவரை மறித்தார் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. மறுநாளே மறு ஆட்டம். அடிபட்டிருந்த ஸமோரா அதில் ஆடவில்லை. ஸ்பெயின் 1-0 என்று தோற்று வெளியேறியது.

3

எழுத்தாளர்களுக்கு கோல்கீப்பர்கள் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆல்பெர் காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்றவர். நபகோவ் கேம்பிரிட்ஜில் நின்றார். தன் சுயசரிதையில் அந்த நாட்களைப் பற்றி எழுதியும் இருக்கிறார். காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பத்துப் பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பு செய்தால் அது அவர் ஒருத்தர் தப்பாகத்தான் தெரியும். எழுதுகிறவனுக்கு இது தன் வேலை மாதிரியே படுகிறது.

ஸ்பானியக் கவிதையிலும் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. 1928 மே மாதம் சாந்தாந்தேரில் பார்சிலோனாவுக்கும் ரியல் சொசியதாதுக்கும் கோப்பை இறுதி ஆட்டம். பார்சிலோனாவின் கோலில் நின்றவர் ஹங்கேரிக்காரரான பிளாட்கோ. பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது தலையில் உதை வாங்கி, ரத்தத்தோடு வெளியே தூக்கிப் போகப்பட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கவிஞர் ரஃபேல் ஆல்பெர்த்தி. அவர் எழுதிய 'பிளாட்கோவுக்கு ஓர் ஓட்' நவீன ஸ்பானியக் கவிதையின் தொகைநூல்களில் இடம்பிடித்தது. தோற்ற அணியின் தரப்பிலிருந்து பின்னாளில் கப்ரியேல் செலாயா ஒரு எதிர்ப்பாட்டே எழுதினார். ஒரிஹுவேலாவின் ஆட்டுக்கார இளைஞன் மிகேல் எர்னாந்தெஸ் தன் ஊர் அணியின் கோல்கீப்பருக்கு ஒரு இரங்கற்பா எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை. பிளாட்கோவை பார்சிலோனா 1923இல் கொண்டுவந்ததே ஸமோரா விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான். இடத்தை நிரப்ப வந்தவருக்கு ஓட் கிடைத்தது. விட்டுப்போனவருக்கு விளம்பரங்களும் ஒரு மௌனப்படமும் கிடைத்தன. 'கடைசியில் ஸமோராவுக்குக் கல்யாணம்' என்ற அர்த்தம் வரும் தலைப்பில் 1920களில் எடுக்கப்பட்ட படம் அது. நாயகன் அவரே.

இந்த வித்தியாசத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். காயம் இரண்டு பேருக்கும் இருந்தது. 1929இன் நெஞ்செலும்பு பிளாட்கோவின் மண்டைக் காயத்துக்குக் குறைந்ததில்லை. ஆனால் பிளாட்கோ வெளிநாட்டுக்காரர். அதிகம் பேசாதவர். அவர்மேல் கவிஞன் என்ன வேண்டுமானாலும் ஏற்றி எழுதலாம். ஸமோரா ஏற்கெனவே எல்லோருக்கும் சொந்தமான ஆள். சிகரெட் புகைக்கிறவர், பேட்டி கொடுக்கிறவர், சம்பளம் பேசுகிறவர், சினிமாவில் நடிக்கிறவர். ஊரே பேசித் தீர்த்த ஒருத்தரைப் பற்றிக் கவிஞன் புதிதாக என்ன சொல்ல? புகழ் ஒரு ஆளை எவ்வளவு தூரம் கொண்டுபோகுமோ அவ்வளவு தூரம் கவிதையை அவரிடமிருந்து விலக்கிவிடுகிறது.

ஓட் எழுதுகிற கவிஞர்கள் ஸமோராவிடம் வரவில்லை. வேறு மாதிரி ஒரு கவிஞர் வந்தார். எட்டு வருடம் கழித்து, ஒரு சிறைக்குள்.

4

1936 ஜூன் 21, வலென்சியா நகரின் மெஸ்தாய்யா மைதானம். கோப்பை இறுதி ஆட்டம், மாட்ரிட் எதிர் பார்சிலோனா. மாட்ரிட் 2-1 என்று முன்னிலையில் இருக்கிறது. கடைசி நிமிடங்களில் பார்சிலோனாவின் ஹோசெப் எஸ்கோலா பக்கத்திலிருந்து ஓங்கி அடிக்கிறார். காய்ந்த தரை. பந்து போன இடத்தில் தூசி எழும்பி எதுவுமே தெரியவில்லை. கோல் என்றே கூட்டம் நினைத்தது. தூசி அடங்கியதும் பார்த்தால் ஸமோரா நிற்கிறார், பந்து அவர் கையில். அந்தப் பாய்ச்சலின் புகைப்படம் ஸ்பானியக் கால்பந்தின் அடையாளப் படங்களில் ஒன்று. மாட்ரிட் அணிக்காக அவர் ஆடிய கடைசிப் பெரிய ஆட்டமும் அதுதான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 17, 18இல் ராணுவக் கிளர்ச்சி. உள்நாட்டுப் போர் ஆரம்பித்துவிட்டது. மாட்ரிட் குடியரசின் கையில். தெருக்கள் ஆயுதம் ஏந்திய போராளிக் குழுக்களின் கையில். ஸமோரா 'யா' என்ற கத்தோலிக்கச் செய்தித்தாளில் எழுதிக்கொண்டிருந்தவர். அந்தக் கோடையில் மாட்ரிட்டில் ஒருத்தரைச் சந்தேகிக்க அது தாராளமாகப் போதும். பிடித்து மொதேலோ சிறையில் அடைத்தார்கள்.

கிளர்ச்சியாளர்கள் தரப்புப் பத்திரிகையும் வானொலியும் ஸமோராவைச் செந்நிறத்தார் கொன்றுவிட்டதாகவே அறிவித்துவிட்டன. ஆளு உயிரோட இருக்கும்போதே அஞ்சலி. உயிரோடு இருக்கும் ஸமோராவைவிடச் செத்துப்போன ஸமோரா அவர்களுக்கு அதிகம் பயன்பட்டார். இந்தப் பக்கம் சிறைக் காவலர்களுக்கோ உயிரோடு இருக்கிற ஸமோராதான் பிடித்திருந்தது. அவரோடு கால்பந்து பேச வந்தார்கள். முற்றத்தில் பந்து உதைத்தார்கள். அவரும் பேசினார், ஆடினார். இதை ஒரு இனிமையான காட்சியாகச் சொல்வார்கள். எனக்கு அது இனிமையாகப் படவில்லை. ஆகஸ்ட் 22 அன்று அதே சிறையில் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுப் போய்க்கொண்டிருந்த இடத்தில், பெயர் தெரிந்த ஒருத்தர் தன்னைக் கொல்லக்கூடியவர்களுக்கு ஆட்டக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் செய்யத் தெரிந்ததால் அவர் பிழைத்தார். 

இந்த இடத்தில்தான் பெத்ரோ லூயிஸ் தெ கால்வெஸ் உள்ளே வருகிறார்.

கால்வெஸ் 1882இல் மாலகாவில் பிறந்தவர். நல்ல சானெட்கள் எழுதியவர். இளமையிலேயே மன்னரையும் ராணுவத்தையும் அவமதித்த குற்றத்துக்காகச் சிறை பார்த்தவர். அப்புறம் மாட்ரிட்டின் கஃபேக்களில் கடன் கேட்டுக் குடித்துத் திரிந்த பொஹீமியக் கூட்டத்தின் அரசன். அவரைப் பற்றி ஒரு பயங்கரமான கதை உண்டு: செத்துப் பிறந்த தன் குழந்தையை ஒரு பெட்டியில் வைத்து கஃபே கஃபேயாகக் காட்டி, அடக்கம் செய்யக் காசு கேட்டார் என்பார்கள். உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்கிற அளவுக்கு இருந்திருக்கிறது அவர் வாழ்க்கை. போர் வந்ததும் இடுப்பில் துப்பாக்கியோடு போராளியாகத் திரிந்தார்.

சொல்லப்படும் கதை இதுதான். கால்வெஸ் மொதேலோ சிறைக்கு வந்தார். எல்லோர் முன்னிலையிலும் ஸமோராவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். இவன் என் நண்பன், நான் பசியோடு கிடந்தபோது எனக்குச் சோறு போட்டவன், இவன்மேல் ஒருத்தனும் கை வைக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். ஸமோரா பிறகு தன் புகைப்படம் ஒன்றில், சிறையில் தன்னை முத்தமிட்ட ஒரே மனிதனுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டு அவருக்குக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் ஸமோரா வெளியே வந்தார். அர்ஜென்டினத் தூதரகம் அடைக்கலம் கொடுத்தது. மனைவி, குழந்தையோடு கப்பலேறி ஃபிரான்ஸ் போனார். நீஸ் அணியில் சேர்ந்தார்; பழைய தோழர் சமித்தியேரும் அங்கே வந்திருந்தார்.

5

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அந்தப் புகைப்பட வரியில் சிரித்துவிட்டு அடுத்த பத்தியில் நீஸுக்குப் போய்விடுகிறார்கள். கால்வெஸ் வாசலிலேயே நின்றுவிடுகிறார். சினிமாவில் வரும் குடிகார நண்பன் மாதிரி, நாயகனைக் காப்பாற்றியதும் அவருக்கு வேலை முடிந்தது.

கால்வெஸுக்கு என்ன ஆனது? போர் முடிந்ததும் ஃபிராங்கோவின் ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. கொலைகள் செய்ததாகக் குற்றச்சாட்டு. போர்க்காலத்தில் கஃபேக்களில் அவரே அளந்துவிட்ட வீரப் பிரதாபங்கள் அவருக்கு எதிராகத் திரும்பின. ஸமோராவை மட்டுமல்ல, ரிக்கார்டோ லியோன் மாதிரியான வலதுசாரி எழுத்தாளரையும் அவர் காப்பாற்றியிருந்தார். அது எடுபடவில்லை. 1940 ஏப்ரல் கடைசியில் மாட்ரிட்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே ஏப்ரல் கடைசியில் அதே மாட்ரிட்டில் இன்னொன்றும் நடந்தது. போருக்குப் பிறகான முதல் லீக் கோப்பையை அத்லெத்திக்கோ அவியாசியோன் வென்றது. விமானப்படை அணியோடு இணைக்கப்பட்ட இன்றைய அத்லெத்திக்கோ மாட்ரிட்தான் அது. அதன் பயிற்சியாளர் ரிக்கார்டோ ஸமோரா.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய ஒரு கால்பந்துக் கட்டுரையை நான் படித்ததில்லை. ஹுவான் மனுவேல் தெ பிராதா 1996இல் எழுதிய 'நாயகனின் முகமூடிகள்' நாவலில் கால்வெஸ் ஒரு மையப் பாத்திரம். கால்பந்து எழுதுகிறவர்களின் கதையில் கால்வெஸ் ஒரு துணுக்கு. நாவல்காரர்களின் கதையில் ஸமோரா ஒரு துணுக்கு. இரண்டு பேரும் ஒரே அறையில் நின்ற நேரத்தை மட்டும் யாரும் முழுதாக எழுத மாட்டேன் என்கிறார்கள்.

அந்த நேரத்தை முழுதாகப் பார்க்க இன்னும் இரண்டு பெயர்கள் வேண்டும்.

ஹோசெப் சுன்யோல். பார்சிலோனா அணியின் தலைவர், கட்டலோனிய இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர். 1936 ஆகஸ்ட் 6 அன்று குவாதர்ராமா மலைப்பாதையில் அவருடைய கார் தெரியாமல் எதிர்ப்பக்கத்து எல்லைக்குள் போய்விட்டது. ஃபிராங்கோவின் ஆட்கள் அங்கேயே சுட்டார்கள்.

மோன்ச்சின் த்ரியானா. மாட்ரிட்டின் இரண்டு பெரிய அணிகளுக்கும் ஆடிய முன்கள வீரர். தேசிய அணிக்கும் ஆடியவர். அவரைக் குடியரசுத் தரப்பு சிறை வைத்தது. 1936 நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்து லாரி லாரியாகக் கைதிகளை ஏற்றிப்போய் பாரகுவேயோஸில் சுட்டார்களே, அதில் அவரும் போனார். வயது 34.

த்ரியானாவும் கால்பந்து வீரர்தான். அவருக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். அப்படியென்றால் "கால்பந்து ஸமோராவைக் காப்பாற்றியது" என்று எழுதுகிறோமே, அது சரியா? கால்பந்து த்ரியானாவைக் காப்பாற்றவில்லை. புகழ் காப்பாற்றியது என்றால், எவ்வளவு புகழ்? எந்த அளவுக்கு மேல் போனால் உயிர், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் லாரி? இந்தக் கணக்கு அருவருப்பாக இருக்கிறது. ஸமோரா பிழைத்த கதையை அழகாகச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் நாம் சத்தமில்லாமல் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்கிறோம். பெயர் தெரிந்தவன் பிழைத்ததைக் கொண்டாடும்போது, பெயர் தெரியாதவன் செத்தது இயல்பு என்று ஆகிவிடுகிறது.

கால்வெஸ் சொன்னதாகச் சொல்லப்படும் வார்த்தையைத் திரும்பப் பாருங்கள். இவன் உலகின் சிறந்த கோல்கீப்பர் என்று அவர் சொல்லவில்லை. தேசத்தின் சொத்து என்றும் சொல்லவில்லை. எனக்குப் பசித்தபோது சாப்பாடு போட்டவன் என்றார். அந்தச் சிறையில் ஸமோராவின் புகழைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். அவருடைய ஒரு சின்ன நல்ல காரியத்தை ஞாபகம் வைத்திருந்தவர் அந்தக் குடிகாரக் கவிஞர் ஒருத்தர்தான். நான் இந்தக் கதையை நம்ப விரும்புகிறேன் என்றால் காரணம் அதுதான். புகழ் பற்றிய கணக்கை உடைக்கிற ஒரே வாக்கியம் அதில் இருக்கிறது. அந்த நியாயத்தின்படி பெயர் தெரியாத ஒரு சமையல்காரரையும் காப்பாற்றலாம்.

6

இனி, எல்லோரும் கேட்கிற கேள்வி. ஸமோரா எந்தப் பக்கம்?

1934இல் குடியரசு அவருக்குத் தன் விருதை அணிவித்தது. 1938 டிசம்பரில், போர் முடியாத நிலையிலேயே, அவர் ஃபிராங்கோவின் பகுதிக்குத் திரும்பி, சான் செபாஸ்தியானில் கிளர்ச்சிப் படை வீரர்களின் நிதிக்காக நடந்த ஒரு ஆட்டத்தில் ஆடினார். 1939-40, 1940-41 இரண்டு லீக் கோப்பைகளையும் விமானப்படை அணிக்கு வாங்கிக் கொடுத்தார். 1950களில் ஃபிராங்கோ அவருக்கு சிஸ்னெரோஸ் விருதின் பெருஞ்சிலுவையை அளித்தார். கட்டலோனியா அணிக்காகவும் ஆடியிருக்கிறார், ஸ்பெயினுக்காகவும் ஆடியிருக்கிறார். ஒரே நெஞ்சில் எல்லோரும் பதக்கம் குத்தியிருக்கிறார்கள்.

இணையத்தில் வாசிக்கிற நமக்கு இப்படி ஒருத்தரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். சந்தர்ப்பவாதி என்று ஒரு முத்திரை, முடிந்தது வேலை. இல்லையென்றால் எதிர்ப்பக்கம் போய், பாவம், விளையாட்டுக்காரனுக்கு அரசியல் என்ன தெரியும் என்று ஒரு மன்னிப்பு. இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

1938இல் அவர் திரும்பியது ஒரு முடிவு. 37 வயதுக்காரர் யோசித்து எடுத்த முடிவு. தன்னைச் சிறை வைத்த தரப்பை விட்டு மறுதரப்புக்குப் போனார். மனிதர்கள் அப்படித்தான் போவார்கள். அந்தத் தரப்பு அதற்குள் லட்சக்கணக்கானவர்களைச் சிறையிலும் குழியிலும் போட்டிருந்தது. போர் முடிந்தும் நிறுத்தவில்லை. கோல்கீப்பருக்கு இரங்கற்பா எழுதிய மிகேல் எர்னாந்தெஸ் 1942 மார்ச்சில் அலிகாந்தே சிறையில் காசநோயால் செத்தார், 31 வயதில். பிளாட்கோவுக்கு ஓட் எழுதிய ஆல்பெர்த்தி நாட்டை விட்டே ஓடினார். 1977 வரை திரும்ப முடியவில்லை. கோல்கீப்பர்களை நேசித்த கவிஞர்களை அந்த அரசு இப்படித்தான் நடத்தியது. அதே அரசின் கீழ் ஸமோரா கோப்பை வென்றார். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. சொல்லிவிட்டு, அதனால் மெஸ்தாய்யாவில் அவர் பிடித்த பந்து கோலுக்குள் போய்விட்டது என்பதும் நேர்மை ஆகாது.

நான் முன்னால் சொன்னேன், இளவயதில் ஒரே ஊரில் இரண்டு அணிகளுக்கு நடுவே போய்வந்தும் ஊர் அவரைத் தள்ளவில்லை என்று. கால்பந்தில் கட்சி மாறலாம். திட்டுவார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை தட்டுவார்கள். ஸமோரா வாழ்நாள் முழுவதும் உலகம் இந்த விதிப்படி நடக்கும் என்று நம்பியவராகவே எனக்குத் தோன்றுகிறார். அவர் விஷயத்தில் உலகம் அப்படியே நடந்தும் காட்டியது. அதுதான் அவருடைய அதிர்ஷ்டம். த்ரியானாவுக்கும் சுன்யோலுக்கும் கால்வெஸுக்கும் அந்த விதி செல்லுபடியாகவில்லை. ஒருத்தருடைய அதிர்ஷ்டத்தை அவருடைய குணமாக எழுதுவதுதான் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களின் பழைய பழக்கம். ஸமோரா விஷயத்தில் அது அளவு மீறிப் போயிருக்கிறது.

ஸமோரா 1978 செப்டம்பர் 8 அன்று பார்சிலோனாவில் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1950களின் கடைசியில், 'மார்க்கா' பத்திரிகை அவர் பெயரில் ஒரு கோப்பையை ஆரம்பித்தது. ஸ்பானிய லீகில் ஆட்டத்துக்கு மிகக் குறைவான கோல்கள் வாங்கிய கோல்கீப்பருக்கு ஒவ்வொரு வருடமும் 'ஸமோரா' கிடைக்கும். இன்று கூகுளில் அந்தப் பெயரைத் தட்டினால் ஆளைவிட அந்தக் கோப்பைதான் முதலில் வருகிறது. வாங்கிய கோல்களை ஆடிய ஆட்டங்களால் வகுத்தால் வருகிற ஒரு எண்.

கால்வெஸின் சானெட்கள் ஸ்பானிய மொழியில் இன்றும் கிடைக்கின்றன. தமிழில் யாராவது நாலைந்தாவது மொழிபெயர்த்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒரு தொகுப்பு வந்தால் அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் 'ஸமோராவைக் காப்பாற்றியவர்' என்று ஒரு வரி எழுதுவார்கள். எழுதட்டும், அது நியாயம்தான். அதே நியாயப்படி, ஸமோராவைப் பற்றி அடுத்து யார் எழுதினாலும் சொர்க்கத்து வாசலில் நிற்கும் பேதுருவுக்கு முன்னால், மொதேலோ சிறைக்குள் வந்து நின்ற அந்த ஆளின் பெயரை எழுத வேண்டும். அன்றைக்குக் கதவு அவர் பக்கம்தான் இருந்தது.